சத்தம் போடும் பேரிங்

பழைய கார் வைத்திருக்கும் தம்பிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்சக்கரத்துப் பக்கமிருந்து 'ஊங்' என்று சத்தம் வந்தால், "பேரிங் போச்சு, மாத்திடுங்க" என்று மெக்கானிக்கிடம் நீங்களே தீர்ப்பு எழுதிக் கொடுக்காதீர்கள். பேரிங் போயிருக்கலாம். ஆனால் அது ஏன் போனது என்று கேட்காமல் மாற்றினால், புதிதாகப் போட்டதும் அதே வழியில்தான் போகும். வாழ்நாளில் பாதியைக் கார்களுக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். இந்தப் பாடம் காருக்கு மட்டும் உரியதல்ல. ஆனாலும் காரிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொள்வோம். ஃபியட் 1100 வழிவந்த வண்டி. பம்பாய் குர்லாவில் தயாரானது. 1974 முதல் இந்தப் பெயரில் ஓடியது. 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர் தடி. மும்பையில் டாக்சியாக ஓடிய கடைசிப் பத்மினி 2023 அக்டோபரில்தான் ஓய்வு பெற்றது. தாத்தா வாங்கிய வண்டியைப் பேரன் துடைத்துவைத்து ஓட்டும் வீடுகள் நம் ஊர்களிலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் அந்த வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார் இந்தப் பின்பக்க ஊங்காரம்.

பின் ஆக்சிலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். கனரக லாரிகளில் சக்கரத்தின் ஹப், ஆக்சில் குழாயின்மேல் தனக்கென்று உள்ள பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கும். வண்டியின் பாரம் குழாயின்மேல் இறங்கிவிடும். உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டுக்குச் சுற்றுவது மட்டுமே வேலை. பத்மினி போன்ற கார்களில் அப்படியில்லை. சக்கரத்தைச் சுற்றுவதும் அந்த ஷாஃப்ட்தான், பாரத்தைத் தாங்குவதும் அதுதான். வெளிமுனையில் ஒரேயொரு பேரிங். வண்டியின் எடை, பள்ளத்தில் விழும் அடி, வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசை எல்லாம் அதன் தலையில். அந்தப் பேரிங்கை ஷாஃப்ட்டில் நகராமல் பிடித்துவைத்திருப்பது, சூடாக்கி இறுக்கி ஏற்றிய ஒரு இரும்புக் காலர். காலர் பிடி விட்டால் சக்கரம் ஷாஃப்ட்டோடு சேர்ந்து வெளியே வரத் தொடங்கும். ஆகவே இந்தச் சத்தத்தை அலட்சியம் செய்வதும் கூடாது.

வண்டி அச்சுக்கும் பேரிங்குக்கும் உள்ள உறவு பழையது. வேல்ஸ் நாட்டின் கார்மார்தனைச் சேர்ந்த ஃபிலிப் வான் என்ற இரும்புத் தொழில்காரர் 1794-இல் குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதுவும் குதிரை வண்டியின் அச்சுக்காகத்தான். பின்னால் வந்த பொறியாளர்கள் பேரிங்கின் ஆயுளுக்கு ஒரு கணக்குக் கண்டார்கள். குண்டு பேரிங்கின்மேல் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். கல்யாணச் சாமான் மொத்தத்தையும் டிக்கியில் அடைத்து, பின்சீட்டில் ஐந்து பேரை ஏற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பேரிங் ஒன்றும் சொல்லாது. சொல்லும் நாளில் ஏற்றியவர்களுக்கு அது நினைவிருக்காது.

இனி, கேட்கும் முறை. நெரிசல் இல்லாத நேரான சாலையில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். முன்னும் பின்னும் யாரும் இல்லாத இடத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் அடங்கியபிறகும் ஊங்காரம் அப்படியே இருந்து, வண்டியின் வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தால் எஞ்சின்மேல் பழியில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு குரலும் விடும்போது வேறு குரலும் கேட்டால் கிரவுன், பினியன் பக்கம் சந்தேகப்படுங்கள். தார்ச் சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு ஏறியதும் ஒலி மாறினால் அது டயர். இடதுபக்கம் வளையும்போது பாரம் வலதுசக்கரத்துக்குப் போகிறது. அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங். ஆனால் இரண்டு சக்கரத்தையும் இணைப்பது ஒரே இரும்புக் குழாய். ஒலி அதன் வழியே ஓடி எதிர்ப்பக்கம் கேட்கும். பின்சீட்டில் இருப்பவர் கைகாட்டும் திசையை நம்பி எதையும் பிரிக்காதீர்கள்.

அடுத்து கை வேலை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். செங்கல் ஸ்டாண்ட் ஆகாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பிளே தெரியும். இழுத்துத் தள்ளினால் காலர் இளகியிருப்பது தெரியும். பிறகு ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே மறுகையைப் பட்டை ஸ்பிரிங்கின்மேல் வையுங்கள். காதுக்கு எட்டாத கரகரப்பு உள்ளங்கைக்கு எட்டும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவைத்து எஞ்சினில் சுற்றவிடும் வித்தை வேண்டாம். மறுசக்கரம் தரையில் நிற்கும்போது, தூக்கிய சக்கரம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும்.

கோளாறு எந்தப் பக்கம் என்று உறுதியானபின் டிரம்மைக் கழற்றி ஷாஃப்ட்டை உருவலாம். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பழைய பேரிங்கைப் பழைய இரும்புக் கூடையில் எறிந்துவிட்டு, அதன் எண்ணை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். எண் முக்கியம்தான். 6206 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்; உள்துளை 30 மில்லிமீட்டர். ஆனால் அந்தப் பேரிங் எண்ணைத் தவிர வேறு சிலவும் சொல்கிறது. குண்டு ஓடும் தடத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் அது பாரத்தாலோ வயதாலோ களைத்திருக்கிறது. பழுப்பேறித் துருப்பிடித்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; மழைவெள்ளத்தில் ஓட்டிய வண்டியாகவோ மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டியாகவோ இருக்கும். நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெயோ கிரீஸோ இல்லாமல் சுட்டிருக்கிறது. தடத்தில் குண்டுகளின் இடைவெளியிலேயே சிறு குழிகள் இருந்தால், முன்பு போட்டவர் சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார்.

பேரிங்குக்கு அக்கம்பக்கத்தையும் பாருங்கள். டிரம்முக்குள் கெட்டியான, கந்தக வாடையடிக்கும் எண்ணெய் வழிந்து பிரேக் லைனிங்கை நனைத்திருந்தால் அது கியர் ஆயில், சீல் விட்டுவிட்டது. சீலை மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளலாமா? ஆக்சில் ஹவுசிங்கின் மேலே காற்றுப்போக ஒரு சின்ன பிரீதர் இருக்கும். அதில் சேறு அடைத்திருந்தால், ஓடிச் சூடானதும் உள்ளே காற்றழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. காசு பெறாத ஒரு துளையைக் குத்திச் சுத்தம் செய்தால் நின்றுவிடும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே கதைதான். லெவல் பிளக் வரைக்கும் ஊற்றினால் போதும்.

பொருத்தும்போது குறுக்குவழி கூடாது. ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால், சென்டர் பஞ்ச்சால் சுற்றிலும் புள்ளி குத்தி இறுக்கித் தருவார்கள். அது கொஞ்ச நாளைக்கு இறுக்கமாகத் தெரியும், அவ்வளவே. லேத்தில் மாட்டி ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்துவிட வேண்டும். வளைந்ததில் புதுப் பேரிங் போடுவது பணத்தைக் கரைப்பது. பழைய காலரைக் கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சினால் ஷாஃப்ட்டின் பதம் கெடும். துளைபோட்டு உளியால் பிளந்து எடுப்பதே நல்லது. எடுத்த காலர் மறுபடி உதவாது, புதுசுதான். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது பிரஸ்ஸின் அழுத்தம் பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் விழவேண்டும். வெளிவளையத்தை அழுத்தினால் அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியே பாய்ந்து, வண்டி ஒரு அடி ஓடுமுன்பே பேரிங்குக்குக் காயம் வைத்துவிடும்.

இவ்வளவு காலம் பேரிங்குகளைப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. சத்தம் போடுகிறவன்தான் தப்புச் செய்தவன் என்று நினைப்பது நம் பழக்கம். பெரும்பாலும் அவன் அடிபட்டவன். பாரம் ஏற்றியவர் வேறு, தண்ணீரில் இறக்கியவர் வேறு, மூச்சுத்துளையை அடைத்தது தெருச் சேறு. கத்துவது மட்டும் அவன்.

குடும்பத்திலும் இதைக் கண்டிருக்கிறேன். சில வீடுகளில் ஒருவர் லாரி ஷாஃப்ட்போலச் சம்பாதிப்பதோடு நிறுத்திக்கொள்வார். இன்னொருவர், அக்காவோ மருமகளோ மூத்த மகனோ, சம்பாதித்துக்கொண்டே பெரியவர்களின் மருந்து, பிள்ளைகளின் படிப்பு, சொந்தக்காரர்களின் மனத்தாங்கல் எல்லாவற்றையும் தாங்குவார். பல வருஷம் ஒரு வார்த்தை வராது. ஒருநாள் குரல் உயரும். உடனே வீடு கூடி, "இவளுக்கு என்ன வந்தது? முன்னே இப்படி இல்லையே!" என்று அந்தக் குரலைத் திருத்தக் கிளம்பிவிடும். முன்னே இப்படி இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. இடையில் அவர்மேல் என்ன ஏறியது, எந்த மூச்சுத்துளை அடைபட்டது என்று யாராவது கேட்க வேண்டும். அதை அவரிடமே கேட்க வேண்டும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கைகாட்டுகிறவரிடம் அல்ல.

பேரிங்கின் கணக்கைத் திருப்பிப் போட்டால், சுமை பாதியானால் ஆயுள் எட்டு மடங்கு. மனிதருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது, ஆனால் திசை அதுதான். கொஞ்சம் இறக்கிவைத்தாலே நிறையக் கிடைக்கும். ஆகவே உங்கள் வீட்டில் யாராவது கொஞ்ச நாளாகச் சிடுசிடுப்பதாகத் தோன்றினால், புத்தி சொல்லுமுன் அவர் கையிலிருக்கும் வேலைகளில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடையோ, கரண்ட் பில்லோ, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதோ, ஏதாவது ஒன்று. பேச்சு அப்புறம் தானாக வரும்.