கருவாட்டின் ஊரைத் தேடி

ஒருநாள் ஓய்வு வேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, சாப்பாட்டுப் பெட்டியை மூடியால் மறைத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "என்னம்மா அது?" என்றேன். "ஒண்ணுமில்லை சார்" என்று தலை குனிந்தாள். ஆனால், மணம் காட்டிக் கொடுத்துவிட்டது. கருவாட்டுக் குழம்பு!

தோட்டத்து லயத்தில் வளர்ந்த நானும் சிறுவயதில் அப்படி மறைத்துச் சாப்பிட்டவன்தான். அந்தக் கருவாட்டின் ஊரைப் பார்த்து வரவேண்டும் என்று தோன்றியது.

பள்ளி விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸ் உறவினர் வீட்டிலிருந்து புறப்பட்டு, கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரைப் புக்கிட் கூடாவையும் இணைத்து 1886-இல் திறந்த பாதையின் வழித்தோன்றல் இது. கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்கினால் படகுத்துறை நடை தூரம்தான். 1972 வரை இத்துறைமுகத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய நம் முன்னோர் பலர் கரையிறங்கிய இடம்.

படகு அலையாத்திக் காடுகளைத் தாண்டி, 'நண்டுத் தீவு' எனப் பொருள்படும் பூலாவ் கெத்தாமை அடைந்தது. சேற்றின்மேல் கால் ஊன்றி நிற்கும் வீடுகள். கார் இல்லை, சைக்கிள்தான். சீன மூதாட்டி ஒருவர் வெயிலில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். மலாயில் பேச்சுக் கொடுத்தேன். "மழை வந்தால் அன்றைய பாடு வீண்" என்றார். எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. மழை பெய்தால் மரம் சீவ முடியாது; அன்றைய கூலியும் போகும். கடலோரத்துக்கும் ரப்பர் காட்டுக்கும் கவலை ஒன்றுதான்!

கருவாட்டின் சூட்சுமம் எளிது. உப்பும் வெயிலும் மீனின் ஈரத்தை இழுத்துவிடுகின்றன. ஈரமில்லாத இடத்தில் கிருமி பெருகாது. நீர் வற்றினாலும் புரதம் தங்கிவிடும். முள்ளோடு மெல்லும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. குளிர்பெட்டி இல்லாத லயங்களில் இதைவிட நல்ல துணை ஏது? சம்பளத்துக்கு முந்தின வாரம், கடைக்காரரின் '555' கடன் புத்தகத்தில் கருவாடுதான் ஏறும்.

நம் வீட்டுக்கு மட்டுமா இது? நீரிணைக்கு அப்பால் சுமத்ராவின் பாகான் சியாப்பியாப்பி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கருவாடு ஏற்றுமதியால் புகழ்பெற்ற ஊர். இலங்கைச் சமையலில் மாலத்தீவு மாசிக்குத் தனி இடம். மலாய்க்காரரின் நாசி லெமாக்கில் நெத்திலி, சீனரின் கஞ்சிக்கு உப்பு மீன், நமக்குக் கத்தரிக்காயோடு குழம்பு!

ஆனால், ஓர் எச்சரிக்கை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சீன முறை உப்பு மீனைப் புற்றுநோய் தரும் பொருள்களில் ஒன்றாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1993-இல் அறிவித்தது. எனவே குழந்தைகளுக்கு அதை அன்றாட உணவாக்க வேண்டாம். எந்தக் கருவாட்டையும் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசுங்கள். குழம்பில் தனியாக உப்புச் சேர்க்காதீர்கள்.

தீவில் வாங்கிய அரைக் கிலோ நெத்திலியை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தினேன். மறுவாரம் ஓய்வு வேளையில் அந்தப் பக்கம் போனேன். அவள் பெட்டியின் மூடி மேசையில் தனியாகக் கிடந்தது.