அடியில் பெயரில்லாத கலங்கள்

ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர் மண்கலங்கள் சேர்க்கிறார். வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து, கூஜா, பூச்சாடி, அகல், மூடி போட்ட ஜாடி என்று நிறுத்தி வைத்திருக்கிறார். "பாய், இது எந்தக் காலத்துது?" என்று எதைக் காட்டிக் கேட்டாலும் முதலில் அதைக் கவிழ்ப்பார். செலக்‌ஷன் மேசையில் தோலைத் தரம் பிரிக்கிறவர், பளபளக்கும் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே புரட்டிச் சதைப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாரே, அதே கைப்பழக்கம்தான்.

பாண்டிச்சேரியில் வாங்கிய கலங்களைக் கவிழ்த்தால் பதில் கிடைத்துவிடுகிறது. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அவர்களிடம் பயின்றவர்கள் ஊரைச் சுற்றித் தனித்தனிப் பட்டறை போட்டார்கள். பாயிடம் இருக்கும் அந்தப் பக்கத்துக் கலங்களில் ஈரமண்ணில் அழுத்திய ஒரு சின்ன முத்திரை இருக்கிறது. முத்திரையைத் தெரிந்தால் ஆளைத் தெரியும். ஆளைத் தெரிந்தால் காலமும் ஏறக்குறையத் தெரியும். பலகையின் கீழ்த்தட்டில் இருக்கும் வேலூர்ப் பக்கத்துக் கலங்களைக் கவிழ்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு கறுப்புக் கூஜாவின் அடியில் மட்டும் பாய் கைப்பட பென்சிலில் எழுதியிருந்தார்: கரிகிரி.

கரிகிரி என்றதும் பலருக்கு 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். கைவினைப் பொருள் வாங்குகிறவர்களுக்கு அது காட்பாடியை அடுத்த மண்பாண்ட ஊர். கறுப்பிலும் சிவப்பிலும் அலங்காரக் கலங்கள் செய்கிற ஊர் என்று பெயர். இரண்டும் ஒரே மண்தான். சூளையில் காற்று தாராளமாகப் போனால் சிவப்பு. கடைசி நேரத்தில் வழிகளை அடைத்துப் புகையை உள்ளேயே நிறுத்தினால் கறுப்பு. செய்தவர் யார் என்பது முத்திரையில் இல்லாவிட்டால் வேறெங்கே இருக்கும் என்று பார்க்கத்தான் அங்கே போனேன்.

நான் போன வீட்டில் கணவர் சக்கரத்தில் இருந்தார். அவர் மனைவி திண்ணையில் அகல்களுக்கு மூக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பரணிலிருந்து பழைய விளக்குகள் மூன்றை இறக்கச் சொல்லி, "இதெல்லாம் யார் செஞ்சதும்மா?" என்றேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "இது எங்க மாமனாரு. இது இவரு. அது எங்க சின்ன மாமனாரு, அவரு போய் ரொம்ப நாளாச்சு சார்."

எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சிரித்தார். பிறகு முதல் விளக்கை எடுத்து உள்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார். சுவரில் விரல் ஏறிய வரிகள் சுழன்று மேலே போயின. இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தார். அதில் வரிகள் எதிர்த்திசையில் சுழன்றன. "மாமனாரு பீச்சாங்கைக்காரரு. சக்கரத்த அந்தப் பக்கமாத்தான் சுத்துவாரு. இந்த ஊர்ல வேற யாரும் அப்படிச் சுத்தல." சின்ன மாமனாரின் விளக்கில் மூக்கைத் தண்டோடு ஒட்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் பள்ளம் இருந்தது. மற்றவர்கள் அந்தப் பள்ளத்தை ஈரத்துணியால் வழித்துவிடுவார்களாம், அவர் அப்படியே விட்டுவிடுவாராம். சோம்பலா, வேண்டுமென்றேதானா என்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்கு அது கையெழுத்தாகத்தான் தோன்றியது.

அடிப்பாகமும் பேசும். சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நூலால் அறுத்து எடுத்தால் அடியில் கிளிஞ்சல் ஓடுபோல வளைந்த கோடுகள் விழும். சக்கரத்தை நிறுத்திவிட்டு அறுத்தால் நேர்கோடுகள். பட்டறைக்குப் பட்டறை இந்தப் பழக்கம் மாறும். அச்சில் வார்த்ததென்றால் பக்கவாட்டில் மெல்லிய இணைப்புக்கோடு தட்டுப்படும். உப்புத்தாள் போட்டு அதைத் தேய்த்திருந்தாலும் நகத்துக்குத் தெரிந்துவிடும். சமையல் பானையில் இது எதுவும் கிடைக்காது. அதை உள்ளே கல்லையும் வெளியே பலகையையும் வைத்துத் தட்டித் தட்டி உருண்டையாக்கிவிடுகிறார்கள். அடுப்புக்கு வேண்டியது உருண்டை அடி. உருண்டை அடியில் முத்திரை குத்தத் தட்டையான இடமே கிடையாது. முத்திரை வந்ததெல்லாம் மண்கலம் அடுப்பை விட்டு மேசைக்கு ஏறிய பிறகுதான்.

கலத்தில் பெயர் இருந்தால் அது வைத்திருப்பவர் பெயர் என்பதுதான் நம் பழக்கம். கீழடியில் கிடைத்த ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று கீறியிருக்கிறது. இப்படிக் கிடைக்கும் பெயர்களைப் பெரும்பாலும் உடையவர் பெயர்களாகத்தான் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இன்றைக்கும் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுகிறோம். சீர் கொடுத்த மாமன் பெயர் இருக்கும், வாங்கிய பெண்ணின் பெயர் இருக்கும், குடம் அடித்தவர் பெயரை யார் வெட்டினோம்? சங்கப் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் பெயர் இருக்கிறது. அதுவும் தொழிற்பெயர், அது நின்றது பாட்டால், பானையால் அல்ல.

காலத்துக்கு வருகிறேன். பாயின் சேகரிப்பில் என்னை அதிகம் ஈர்த்தவை கலங்களின் அடியில் ஒட்டியிருந்த கடைச்சீட்டுகள். மண்ணைவிட மாவட்ட நிர்வாகம் துல்லியமாகக் காலம் சொல்கிறது. சீட்டில் 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முந்தையது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. அரசின் கைவினைக் கடையான பூம்புகாரின் சீட்டு என்றால் 1973க்கு முன் போகாது. வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டம் என்றானது. 2019 நவம்பரில் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. இதில் ஒரு பொறியும் உண்டு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இன்றைய சித்தூர்ப் பகுதியில் ஒரு பங்கு வட ஆற்காட்டில்தான் இருந்தது. ஆகவே பழைய பட்டியலில் 'வட ஆற்காட்டு மண்கலம்' என்று பார்த்தால் உடனே கரிகிரி என்று கைதட்டக் கூடாது, அது இன்றைய ஆந்திர ஊர் எதிலாவது செய்ததாகவும் இருக்கலாம். ஏற்றுமதிக் கலங்களில் ஆங்கிலத்தில் 'இந்தியா' என்று குத்தியிருந்தால் அது 1891க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். உற்பத்தியான நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சுங்கச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது.

சீட்டு உதிர்ந்துவிட்டால் வியாபாரியின் வாய்தான் சீட்டு. "பாருங்க, கண்ணாடி மெருகு எப்படி வெடிச்சிருக்கு, நூறு வருஷம்" என்பார்கள். மெருகு மண்ணைவிட அதிகம் சுருங்கினால் சூளையிலிருந்து எடுத்த அன்றைக்கே அந்த நுண்வெடிப்பு விழும். டீ டிகாஷனில் ஊறப்போட்டால் கோடுகள் பழுப்பேறி இன்னும் ஐம்பது வயது கூடும். சிவப்புக் கலத்தின் மேல் வெள்ளை பூத்திருப்பதையும் பழமை என்று விற்கிறார்கள். உப்பேறிய மண்ணில் செய்த கலம் காயும்போதே உப்பு மேலே வந்து, சுட்டபின் வெள்ளைத் திட்டாகும். இந்தப் பக்கத்தில் அதை நன்றாகவே யோசிக்க வேண்டும். தோல் பதனிடும் கழிவுநீர் பாலாற்றையும் சுற்றியுள்ள நிலத்தையும் என்ன செய்தது என்பது 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பாய் இதை நான் சொல்லும் முன் அவரே சொன்னார்: "எங்க தொழில் போட்ட உப்ப, பழசுன்னு எனக்கே விக்கிறான்."

ஆய்வகம் இருக்கிறதே என்பார்கள். கலம் கடைசியாகச் சுடப்பட்டதிலிருந்து சேர்ந்த கதிர்வீச்சைச் சூடாக்கி ஒளியாக அளந்து காலம் கணிக்கும் முறை உண்டு. ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் கிடைத்த புதிய கற்கால ஓடு மாதிரியானவற்றுக்கு இருநூறு வருடம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை. அறுபது வயதுக் கூஜாவுக்கு அது ஒத்துவராது. போதாததற்கு அடியில் துளை போட்டுத் தூள் எடுக்க வேண்டும்.

உலகத்திலும் பெயர் வந்த வழி நேரானதல்ல. பெர்னார்டு லீச் 1920இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை தொடங்கியபோது முத்திரை குத்தினார். உடனிருந்த ஹமடா ஷோஜி, ஜப்பான் திரும்பிய பின் கலத்தில் பெயர் போடுவதையே விட்டுவிட்டார். ஆனால் அவர் கலங்களைச் சேர்ப்பவர்கள் கலம் வந்த மரப்பெட்டியின் மூடியில் அவர் எழுதிய எழுத்தைத் தேடுவார்கள். பெயரை வேண்டாம் என்று சொல்ல முதலில் பெயர் இருக்க வேண்டும்! 1886 லண்டன் கண்காட்சிக்கு ஆக்ரா சிறையிலிருந்து கைவினைஞர்களை அழைத்துப் போனார்கள். அவர்களில் நூறு வயதைத் தாண்டியவர் என்று சொல்லப்பட்ட பக்‌ஷிராம் ஒரு குயவர். விக்டோரியா ராணிக்காக ருடால்ஃப் ஸ்வோபோடா அவரை வரைந்ததால்தான் அந்தப் பெயர் நமக்குத் தெரியும்.

கரிகிரிக்காரரிடம், நீங்களும் ஒரு முத்திரை குத்தலாமே என்றேன். சக்கரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "போட்டுப் பார்த்தோம் சார். மொத்தமா எடுக்கிறவங்க, பேரு வேணாம், எங்க ஸ்டிக்கர் ஒட்டிக்கிறோம்னாங்க. இன்னா பண்றது? சூளைக்கு விறகு வாங்கணும்ல."

எனக்கு இது வியாபாரத் தந்திரம் என்பதற்கு மேல் ஒரு திருட்டாகவே படுகிறது. இருபது வருடம் கழித்து அந்த ஸ்டிக்கர் உதிரும். அப்போது அந்தக் கலம் 'வேலூர் மண்கலம், செய்தவர் தெரியாது' என்று யார் வீட்டுப் பலகையிலாவது உட்காரும். செய்தவர் தெரியாதவர் அல்ல. அந்தத் திண்ணையில் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே மண்கலம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரிகிரியோ மானாமதுரையோ எங்கே வாங்கினாலும் செய்தவர் பெயரைக் கேளுங்கள். மெருகு படாத அடிப்பாகத்தில் பென்சில் நன்றாகவே எழுதும். பெயர், ஊர், தேதி மூன்றையும் அவர் கண்ணெதிரிலேயே எழுதிவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.