எண்ணெய்த் துணி

சுவிசில் மாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு முறைநாள் என்றால் விளக்கம் தேவையில்லை. நிலக்கீழ் அறையில் ஒரு தோய்க்கும் மெஷின், ஒரு காயவைக்கும் மெஷின், சுவரில் பெயர் எழுதிய அட்டவணை. பல வீடுகளில் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் எங்கள் பெயர் வரும். றெஸ்ரோரண்ட் குசினியில் நிற்கும் எங்களுக்கு அந்த ஒரு நாளில் வீட்டு உடுப்போடு இன்னொரு மூட்டையும் சேர்ந்துவிடுகிறது: ஏப்பிரன், கைத்துண்டு, பொரிக்கும் சட்டி துடைத்த துணி. சின்னக் கடைகளில் இவற்றைச் சலவைக்குக் கொடுப்பதில்லை. "வீட்டிலை மெஷின் இருக்குத்தானே" என்பார் எங்கள் முதலாளி. கூலி பற்றிப் பேச்சில்லை.

இந்த மூட்டையைப் பற்றி எழுதவே வேண்டும். இதில் அழுக்கு மட்டுமல்ல, நெருப்பும் இருக்கிறது.

எங்களில் இரண்டு பேர் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்து இடையில் விட்டவர்கள். பட்டம் வரவில்லை, படித்தது மறக்கவுமில்லை. சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும்போது வெப்பம் வெளிவரும். விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். குவித்த துணியின் நடுவிலோ போக வழியில்லை. வெப்பம் கூடக்கூடத் தாக்கமும் வேகமாகும். தோய்த்த பிறகும் எண்ணெய் மிஞ்சிய துணியைக் காயவைத்து, சூடோடு அள்ளிப் பையில் திணித்தால், யாரும் நெருப்பு வைக்காமலே சில மணித்தியாலம் கழித்து அது புகைந்து எரியலாம்.

ஆகவே குசினித் துணியை வீட்டு உடுப்போடு கலக்கக் கூடாது. பருத்தித் துணியென்றால் 60 பாகையில் தோய்க்க வேண்டும். 30 பாகையில் எண்ணெய் சரியாகக் கழராது. மெஷினை அடைத்து நிரப்பாமல் மேலே ஒரு கை போகுமளவு இடம் விடவேண்டும். சவர்க்காரத் தூளின் அளவு நீரின் வன்மையைப் பொறுத்தது. இங்கே அதை பிரெஞ்சுப் பாகையில் சொல்வார்கள்: 15க்குக் கீழே மென்னீர், 25க்கு மேலே வன்னீர். உங்கள் நகரத்து எண்ணை அறிந்து பெட்டியிலுள்ள அட்டவணையைப் பார்த்துப் போடுங்கள். மென்மையாக்கும் திரவம் குசினித் துணிக்கு வேண்டாம். துணி நீரை உறிஞ்சாமல் போகும்.

தோய்த்து முடிந்ததும் மணந்து பாருங்கள். எண்ணெய் மணமோ வழுவழுப்போ இருந்தால் காயவைக்கும் மெஷினில் போடாமல் திரும்பத் தோய்க்க வேண்டும், இல்லையேல் கொடியில் விரிக்க வேண்டும். மெஷினின் பஞ்சு வடியை ஒவ்வொரு முறையும் துப்புரவாக்குங்கள். கடைசி நிமிடங்களில் அது சூடில்லாமல் சுழல்வது துணியை ஆறவைக்கத்தான். அவசரத்தில் இடையில் நிறுத்தாதீர்கள். நிறுத்த நேர்ந்தால் துணியை உடனே வெளியே எடுத்து விரித்துவிடுங்கள். ஆறமுன் மடித்து அடுக்கவும் கூடாது.

இது புது அறிவுமல்ல. ஊரில் காரமும் நீராவியுமாக வெள்ளாவி வைத்தவர்கள் இதைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தார்கள். அந்த அறிவை ஊர் அறிவாக மதிக்கவில்லை, சாதியாகத்தான் பார்த்தது. அந்தக் கைகள் எவ்வளவு பாரம் சுமந்தன என்பது, இன்னொருவரின் அழுக்கைச் சும்மா தோய்க்கும்போது எங்கள் கைகளுக்கும் கொஞ்சம் விளங்குகிறது.

இரவு பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்து வருபவனுக்கு ஆறும்வரை காத்திருப்பது லேசல்ல. ஆனால் மேலே நாலு மாடியிலும் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். எங்களில் சிலர் இன்னும் எஃப் விசாவில் இருக்கிறோம். நிலக்கீழ் அறையில் புகை வந்தால் முதலில் யாருடைய கதவு தட்டப்படும் என்று எங்களுக்குத் தெரியும். புகையைக் கண்டால் துணியைக் கிளறப் போகாமல் ஆட்களை எழுப்பி வெளியேற்றி, 118க்கு அடியுங்கள்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து முதலாளியிடம் சொல்ல இருப்பது இரண்டே விடயம். துணியைச் சலவைக்குக் கொடுங்கள். முடியாதென்றால் தோய்த்து, காயவைத்து, ஆறவைக்கும் நேரத்தையும் வேலை மணித்தியாலமாக எழுதுங்கள்.