உயிர்ப்பித்தலின் விலை

இறந்தவனை எழுப்பும் மந்திரத்துக்கு விலைப்பட்டியல் உண்டு. 1974இல் பிறந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 2014ஆம் வருஷத்து விதிநூல்படி, செத்து ஒரு நிமிஷத்துக்குள் என்றால் 300 பொன் பெறுமானமுள்ள வைரம். பத்து நாளுக்குள் 500. நூறு வருஷத்துக்குள் 1,000. இருநூறு வருஷத்துக்குள் 25,000. வைரம் மந்திரத்தோடு அழிந்துபோகும். நாள் ஏற ஏற வட்டி ஏறுகிறது. வங்கியில் வேலை பார்ப்பவனுக்குப் புரிகிற பாஷை.

சிறுபிள்ளை விளையாட்டு என்று இதை ஒதுக்குவது சுலபம். நண்பர்களோடு ஆடும்போது நான் எடுப்பது பூசாரிப் பாத்திரம். காயத்தை ஆற்றுவது வெறும் கணக்கு: பகடையை உருட்டி, விழுந்த எண்ணைக் கூட்ட வேண்டியதுதான். ரணம் அங்கே இல்லை. உயிர்ப்பித்தல் அப்படியல்ல. பத்து நாள் கெடுவுக்குள் எழுப்பப்பட்டவன் சில தினங்கள் கை தளர்ந்து, குறி தவறித் திரிகிறான். 1981இல் ஆப்பிள் கணினிக்கு வந்த 'விஸார்ட்ரி' இன்னும் கடுமையானது. மந்திரம் பொய்த்தால் பிணம் சாம்பலாகும். சாம்பலுக்கான மந்திரமும் பொய்த்தால் அந்தப் பாத்திரம் நிரந்தரமாகத் தொலைந்துபோகும்.

இந்த நஷ்டம் இல்லாத இடத்தில் மரணம் ஒரு அசௌகரியம், அவ்வளவே. 1997இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' சாட்சி. சண்டையில் விழுந்தவனை ஒரு ஃபீனிக்ஸ் இறகு எழுப்பிவிடுகிறது. ஏரித் வாளுக்கு இரையாகும்போது மட்டும் அந்த இறகு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அதற்கு அழுதவர்கள் உண்டு, கேலி செய்தவர்களும் உண்டு. என் கட்சி கேலி செய்தவர்களோடு. விதி ஒரு உலகத்திலும் கதை வேறு உலகத்திலும் இருக்கும் படைப்பில் துக்கம் இரவல் துக்கம்.

'டன்ஜன்ஸ்' விதிநூலில் என்னை நிறுத்தியவை இரண்டு நிபந்தனைகள். 25,000 பொன் வைரம் கொடுத்தாலும், முதுமையால் இறந்தவர் எழ மாட்டார். ஆன்மாவுக்கு இஷ்டமில்லையென்றால் எந்த மந்திரமும் பலிக்காது. முதலாவது எல்லோரும் அறிந்தது. இரண்டாவதை நம் ஒப்பாரிகள் கேட்பதில்லை. போனவரைத் திரும்பி வா என்கிறோம். வர விருப்பமா என்று கேட்பதில்லை. செத்தவனுக்கும் ஒரு வாக்கு உண்டு என்று ஒப்புக்கொள்வது இந்தப் பகடை விளையாட்டுத்தான்.

என் பாட்டி கடைசி வாரங்களில் கஞ்சியை விலக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வைரம் கையில் இருந்திருந்தாலும் அவள் பதில் அதுவாகத்தான் இருந்திருக்கும்.