குழலில் மிஞ்சுவது

உப்பு எண்ணெயில் கரையாது. துப்பாக்கியைத் துடைப்பது பற்றி அறிய வேண்டியதில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. என் அப்பா ஆயுதப்படை போலீசில் ஆர்மரராக இருந்தவர். பழுது பார்ப்பது, துடைப்பது, கணக்கு வைப்பது இவைதான் அவர் உத்தியோகம். இலக்கியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் விமர்சனம் என்ற பெயரில் நாம் செய்துகொண்டிருப்பதை யோசிக்கும்போதெல்லாம் அவருடைய மேஜை ஞாபகம் வருகிறது.

மேஜைமேல் ஒரு கெட்டில், மண்ணெண்ணெய், அம்மோனியா, மினரல் ஆயில், ஆளிவிதை எண்ணெய், ஃப்ளானல் துண்டுகள், நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய ‘புல்த்ரூ’ கயிறு. எது உயர்ந்தது என்ற கேள்வியே அங்கு கிடையாது. எந்த அழுக்குக்கு எது என்பதுதான் கேள்வி.

பழைய .303 தோட்டாவின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிகிறது. சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். மண்ணெண்ணெய் கரியை இளக்கும். இந்த உப்பை ஒன்றும் செய்யாது. அதன்மேல் எண்ணெய் பூசினால் பளபளப்பு வரும், அடியில் துருவும் வரும். ஆகவே முதலில் வெந்நீர். பின்பக்கத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உப்பு கரைந்து போகும். சூடேறிய குழல் தானே உலரும். எண்ணெய் அதற்குப் பிறகுதான். குண்டின் உறை விட்டுப்போன செம்புக்கு அம்மோனியா. துண்டில் நீலம் இறங்கும். ஆளிவிதை எண்ணெய் கட்டைக்கு நல்லது, ஏனென்றால் காய்ந்து படலமாகும். அதே காரணத்தால் போல்ட்டுக்கு ஆகாது, பிசினாகி இறுகும். ஒரே குணம் ஓரிடத்தில் காப்பு, இன்னோரிடத்தில் கேடு.

அமெரிக்காவில் 1903-இல் ஹாப்பஸ் நம்பர் 9 வந்தது. 1953-இல் வந்த டபிள்யூடி-40 தன் பெயரிலேயே தன் வேலையைச் சொல்கிறது: நீரை விலக்குவது, நாற்பதாவது முயற்சி. சர்வரோக நிவாரணி என்று அதைக் கையாள்கிறவர்கள் பெயரைக்கூட வாசிக்காதவர்கள்.

மசகு அற்ப விஷயமல்ல. 1857-இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற சந்தேகம் சிப்பாய்களின் பல்லுக்கு வந்து சேர்ந்தது. வேண்டிய மசகைச் சிப்பாய்களே தடவிக்கொள்ளலாம் என்று கம்பெனி இறங்கி வந்தும் சந்தேகம் போகவில்லை. வியட்நாமில் எம்-16 வேறு கதை. அதிகம் துடைக்கத் தேவையில்லாத துப்பாக்கி என்ற பேச்சோடு, போதிய துடைப்புச் சாமான்கள் இல்லாமல், மருந்தும் மாற்றப்பட்டுச் சிப்பாய்கள் கைக்கு வந்தது. சண்டை நடுவே சிக்கிக்கொண்டது. 1967-இல் அமெரிக்கக் காங்கிரஸின் துணைக்குழு விசாரித்தது. 1968-இல் துடைப்பது எப்படி என்று வில் ஐஸ்னரை வைத்துச் சித்திரக் கையேடு போட்டார்கள். முன்னதில் மசகு என்ன என்று நம்பும்படி சொல்ல ஆளில்லை. பின்னதில் அழுக்கே இல்லை என்று சொல்லப்பட்டது.

1965 மொழிப் போராட்டத்தில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் போலீஸ் சுட்டது. அப்பாவிடம் துப்பாக்கிகள் திரும்பி வந்தன. எது சுட்டது, எது சுடவில்லை என்பது முதல் ஃப்ளானல் துண்டிலேயே தெரிந்துவிடும். ஒரு தடவை வெந்நீர் போதாது என்று தொடர்ந்து மூன்று நாள் ஊற்றியிருக்கிறார். வீட்டில் அதைப் பற்றிப் பேசியதில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, நான் கவிதை எழுத ஆரம்பித்த திமிரில், “சாட்சியத்தைக் கழுவிட்டீங்கப்பா” என்றேன். கோபப்படவில்லை. “கழுவாட்டி துப்பாக்கிதான் கெடும், செத்தவன் வரமாட்டான். எத்தனை ரவுண்டு போச்சுன்னு ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கேன், அதுல ஒரு எழுத்து அழிக்கல” என்றார்.

இந்தப் பதில் என்னை முழுக்கச் சமாதானப்படுத்தியதில்லை. ரிஜிஸ்டரில் ரவுண்டுகளின் எண்ணிக்கை உண்டு, எதிரில் நின்றவனின் பெயர் இல்லை. அடுத்த தடவை சுடத் தயாராக அந்தத் துப்பாக்கியை வைத்ததும் அவர்தான். அவரும் இதை அறிந்தே இருந்தார் என்று நினைக்கிறேன். என்றாலும் அவர் இரண்டு காரியங்களைப் பிரித்து வைத்திருந்தார்: கருவியைக் கழுவலாம், கணக்கைக் கழுவக் கூடாது.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். 1965-இல் செத்தவர்களைப் பற்றி மேடையிலும் அச்சிலும் சொல்லப்பட்டதில் பெரும்பகுதி எண்ணெய். தியாகம், வீரம், குருதி என்று தடவத் தடவ மினுக்கம் ஏறுகிறது. யார், எந்தத் தெருவில், என்ன வேலையாகப் போனவன் என்ற உப்பு அடியிலேயே கிடக்கிறது. மறுபக்கம், சுத்தக் கவிதை பேசுகிற நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே புட்டியைத் திறக்கிறார்கள். அது கரியை எடுக்கிறதா, செம்பை எடுக்கிறதா, கட்டையையே அரிக்கிறதா என்று துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்லை.

உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தோடு .303-க்கு விடை கொடுத்தது. இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலானவற்றில் அந்த உப்பு கிடையாது. அப்பாவின் வெந்நீர் வித்தை பெரிதும் பழசாகிவிட்டது. ஆனால் துண்டைப் பார்த்துவிட்டுப் புட்டியை எடுப்பது பழசாகவில்லை. ஒரு கவிதையைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் கேட்பது அதுதான்: இதில் படிந்திருப்பது எது?