இத்தாவில் ஒரு மீன் தடாகம்



வீட்டு வளவிலுள்ள மீன் தடாகம் உறைந்து போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற கவலை எமது ஊரில் ஒருவருக்கும் வந்திருக்காது. எமக்குள்ள கவலை கச்சான் காற்றில் தண்ணீர் வற்றுவதும், மாரியில் நுளம்புக் குடம்பி பெருகுவதும்தான். நுவரெலியாவில்கூட தை மாதத்து விடியற்காலையில் புல்லில் உறைபனி படியுமே தவிர, குளத்துத் தண்ணீர் கட்டியாகிவிடுவதில்லை. ஆனாலும் போன மாரி முழுக்க எங்கள் வீட்டுப் பேச்சு அதுதான். மற்றவர்களுக்கும் பிரயோசனமான சில விடயங்கள் அதில் இருப்பதால் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் ராத்தா லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். மச்சான் ஒக்டோபரில் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். விசா எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் நல்லடக்கம் முடிந்துவிடும் என்பதால் எங்களில் ஒருவரும் ஜனாஸாவுக்குப் போகவில்லை. மகன் பல்கலைக்கழகத்தில், வேறு நகரத்தில். நான்கு மாதமும் பத்து நாளும் ராத்தா அந்த வீட்டில் பெரும்பாலும் தனியே இருக்க வேண்டியதாயிற்று.

எமது ஊரில் ஒரு பெண் இத்தா இருந்தால் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். உம்மாமார் வந்து பக்கத்தில் இருப்பார்கள். ஒருவர் கஞ்சி கொண்டுவருவார், இன்னொருவர் யாஸீன் ஓதுவார். அங்கே வெளிநாட்டு மாரிகாலத்தில் பின்னேரம் 4 மணிக்கே மஃரிப். அதன்பிறகு நீண்ட இருட்டு. நாங்கள் தொலைபேசியில் "ஸப்ர் செய்யுங்க ராத்தா" என்போம். அவரும் "ம்" என்பார். பிறகு இரண்டு பக்கமும் பேச ஒன்றும் இருக்காது.

நவம்பர் கடைசியில் ஒருநாள் அவராகவே ஒரு விடயம் சொன்னார். பின்வளவில் மச்சான் தன் கையாலேயே வெட்டிய சின்னத் தடாகம் ஒன்று இருக்கிறது. அதில் பன்னிரண்டு தங்கமீன்கள். ஒவ்வொரு மாரியிலும் அதை மச்சான்தான் பார்த்துக்கொள்வார். "குளிர் வரப்போகுது. எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார். மீன்களைக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று மகன் சொல்லியிருக்கிறார். ராத்தாவுக்கு மனமில்லை. அது மச்சான் விட்டுப்போன அமானிதம் போல அவருக்கு.

இத்தாவில் இருப்பவர் வளவுக்குப் போகலாமா என்று சிலர் அவரைக் குழப்பியிருந்தார்கள். ஊர் மௌலவி ஒருவரிடம் கேட்டோம். வளவு வீட்டைச் சேர்ந்ததுதான், தன் பொறுப்பிலுள்ள உயிர்ப் பிராணிகளைப் பார்ப்பதில் தடையில்லை என்று விளக்கினார். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் மத்ரஸாவில் படித்தவர்கள்தானே. ராத்தாவுக்கு அது பெரிய நிம்மதி.

பிறகு பாடம் தொடங்கியது. நாங்கள் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொடுப்பது இது: தண்ணீர் குளிரக் குளிரச் சுருங்கும், ஆனால் 4 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் திரும்பவும் விரியும். 4 பாகையில்தான் அதற்கு அடர்த்தி கூட. அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கும், அதைவிடக் குளிர்ந்தது மேலே நிற்கும். ஐஸ் மேலே மிதந்து போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். மற்றப் பொருட்களைப் போல தண்ணீரும் உறையும்போது சுருங்கியிருந்தால், குளங்கள் அடியிலிருந்தே கட்டியாகியிருக்கும். அல்லாஹ்வின் ஏற்பாடு. சாதாரண தரப் பரீட்சைக்காக மனனமாக்கிய இந்த வரிகளை நாங்கள் வீடியோ அழைப்பில்தான் முதன்முதலாகக் கண்ணால் கண்டோம்.

அப்படியென்றால் ஐஸ் மூடினாலும் மீன் உறையாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அடியில் அழுகும் இலைகள் ஒட்சிசனை உறிஞ்சி, கெட்ட வாயுக்களை விடும். முழுக்க மூடிவிட்டால் அந்த வாயு வெளியேறவும் வழியில்லை, புதிய காற்று உள்ளே கலக்கவும் வழியில்லை. தடாகம் முழுவதையும் சூடாக்கத் தேவையில்லை. ஒரு துளை திறந்திருந்தால் போதும்.

ராத்தா செய்தவற்றைச் சொல்கிறோம். அங்கே சொந்தக்காரர் இருப்பவர்கள் அனுப்பிவிடுங்கள்.

மரம் இலை உதிர்க்கும் காலத்திலேயே தடாகத்தின் மேல் வலை கட்டவேண்டும். ராத்தா அதற்குப் பிந்திவிட்டதால் விழுந்த இலைகளைக் கை வலையால் அள்ளினார். தண்ணீர் 10 பாகைக்குக் கீழே போனதும் தீனியை நிறுத்தினார். குளிரில் மீனுக்குச் சமிபாடு சரியாக நடக்காது. தின்னாத தீனி அழுகி இன்னும் கெடுக்கும். அடியிலிருந்த பம்பை நிறுத்தினார், இல்லாவிட்டால் அடியிலுள்ள 4 பாகைத் தண்ணீரைக் கலக்கி முழுவதையும் குளிராக்கிவிடும். ஒரு பழைய பந்தை மிதக்கவிட்டார். காலையில் பந்தை எடுத்தால் அந்த இடத்தில் துளை இருக்கும்.

கடும் குளிரில் பந்தும் ஐஸில் இறுகிவிடும். அப்போது சட்டியில் கொதிநீர் ஊற்றி, சட்டியை ஐஸின் மேல் வைத்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் வட்டமாக உருகும். கொதிநீரை நேரே ஊற்றக்கூடாது. சுத்தியலால் உடைக்கவும் கூடாது, அந்த அதிர்ச்சி தண்ணீருக்குள் போய் மீனைத் தாக்கும். உப்புப் போடவும் கூடாது. ஐஸின் மேல் பனி விழுந்தால் கூட்டி அகற்றினால், வெளிச்சம் உள்ளே போய் நீர்த் தாவரங்கள் ஒட்சிசன் தரும்.

பாடசாலை விட்டு பகல் 1.30க்கு வந்ததும் அழைப்போம். அங்கே அப்போது காலை 8 மணி. தை மாதத்தில் அந்த நேரத்தில்தான் அங்கே சூரியன் உதிக்கும். ராத்தா ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் சட்டியுமாக வளவுக்குப் போவார். முன்பு இரண்டு நிமிடத்தில் முடிந்த பேச்சு அரை மணித்தியாலம் ஆனது. மீனில் தொடங்கி மச்சானில் வந்து நிற்கும். அழவும் செய்வார். அந்த அழுகைக்கு ஒரு இடம் தேவைப்பட்டிருக்கிறது.

தையில் மூன்று நாள் தடாகம் முழுக்க மூடிக்கொண்டது. "ஒண்டையும் காணல்ல. எல்லாம் மௌத்தாகிட்டுது போல" என்றார். அவை அடியில் அசையாமல் கிடக்கும், குச்சியால் கிளறவேண்டாம், சட்டியை மட்டும் வையுங்கள் என்றோம். சொல்லிவிட்டோமே தவிர எங்களுக்கும் பயம்தான். மீன்களை விட ராத்தாவை நினைத்துத்தான் பயம்.

இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் தினமும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். தங்கமீனுக்கு இன்னொரு திறமையும் உண்டு. ஒட்சிசன் இல்லாதபோது அதன் உடல் லக்டிக் அமிலத்தை எதனோலாக மாற்றி, செவுள் வழியே வெளியேற்றிவிடும். எதனோல் என்றால் சாராயத்தில் இருப்பது என்றதும் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், மீனுக்கு அது ஹராம் இல்லையா?" என்றது. அன்று பின்னேரம் ராத்தாவிடம் சொன்னோம். மச்சான் போனபிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

மாசி கடைசியில் இத்தா முடிந்தது. மகன் வந்து முதலில் வாப்பாவின் கப்ருக்குக் கூட்டிப்போனார். பங்குனி கடைசியில் தண்ணீர் சூடாகி மீன்கள் மேலே வந்தபோது எண்ணினார். பதினொன்று. ஒன்று போய்விட்டது. அதை ரோஜாச் செடிக்குக் கீழே புதைத்ததாகச் சொன்னார், குரல் உடையாமல்.

அன்பானவர்களே, எம்மில் பலருடைய சகோதரிகள், மகள்கள் இப்படித் தூர தேசத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மௌத் நடந்தால் முதல் வாரம் எல்லோரும் அழைக்கிறோம், பிறகு குறைந்துவிடுகிறது. தயவுசெய்து நேரம் குறித்து அழையுங்கள். "எப்படி இருக்கீங்க" என்று மட்டும் கேட்காமல், அடுப்பையும் செடியையும் மீனையும் பற்றிக் கேளுங்கள். கையால் செய்ய ஒரு வேலை இருக்கும் மனதுக்கு ஸப்ர் கொஞ்சம் இலேசாகிறது.

மச்சானுடைய மறுமை வாழ்வுக்காகவும், ராத்தாவின் மன ஆறுதலுக்காகவும் துஆ செய்யுங்கள். அல்லாஹ் எம் எல்லோருடைய மர்ஹூம்களையும் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.