சிரித்த கூட்டம்

தான் மனிதன் என்று ஸ்குவீலர் சொன்னதும் சபை விழுந்து விழுந்து சிரிக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மறுநாள்தான் மிச்சத்தைப் பார்க்க முடிந்தது.

'ஷின்சேகாய் யோரி', அதாவது 'புதிய உலகிலிருந்து'. யூசுகே கிஷியின் 2008ஆம் வருஷ நாவல். 2012-13இல் 25 பகுதி அனிமே தொடராக வந்தது. ஆயிரம் வருஷம் கழித்து ஜப்பான். மனசாலேயே பொருளை அசைக்கிற, எரிக்கிற மனிதர்கள். சக மனிதனைக் கொன்றால் கொன்றவனின் உடம்பே அவனைச் சாகடிக்கும்; அப்படி ஏற்பாடு. இவர்களுக்கு ஊழியம் செய்ய எலி மாதிரி ஓர் இனம். கும்பிட்டுத்தான் பேசணும். கலகம் பண்ணியவன் ஸ்குவீலர். அவனுக்கு யாகோமாரு என்று பேர் வைத்ததும் மேலே இருக்கிறவங்கதான்.

அவன் யோக்கியன் இல்லை. தன் இனத்து ராணிகளின் மூளையைச் சிதைத்து, வெறும் பிள்ளை பெறும் உடம்பாக்கினவன். விடுதலை பேசுகிறவர்கள் இதையும் பார்க்கணும்.

கடைசியில் சதோரு சாகியிடம் சொல்கிறான்: எலிகளுக்கும் குரோமோசோம் 23 ஜோடி. சக்தி இல்லாத மனுஷங்களைத்தான் எலியாக்கி வைத்திருக்கிறார்கள். எதுக்கு? கொன்றாலும் கொன்றவன் உடம்புக்கு உறைக்காமல் இருக்க.

கற்பனைதானே என்று தள்ள எனக்கு மனசு வரலை. அதே ஜப்பானில் ஒரு பகுதி மக்களுக்கு 'ஹினின்' என்று பேர் இருந்தது. அர்த்தம், மனிதரல்லாதவர். 1871இல் அரசாணை அந்தப் பேரை எடுத்தது. ஒதுக்கல் போகலை, 1922இல் புராக்கு மக்கள் கியோத்தோவில் கூடி சுய்ஹெய்ஷா இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

சாகவிடாமல் வலி தரும் தண்டனை ஸ்குவீலருக்கு. சாகிதான் அதை முடித்துவைக்கிறாள். நல்ல பொண்ணு. சபையில் சிரித்தவர்களை மட்டும் யாரும் ஒன்றும் கேட்கலை.